வேலையை விட்டு வீட்டில் ஆளைப் பார்ப்பவருக்கு: எந்தக் காசு எந்தக் கந்தோரில்

வீட்டில் படுக்கையில் இருப்பவரைப் பார்க்கிறவருக்கென்று இலங்கையில் மாதக் கொடுப்பனவு எதுவும் கிடையாது. இதை முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அதைத் தேடித்தான் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குகிறார்கள். லண்டனில் என் மச்சாள் தன் மாமியைப் பார்க்கிறாள். அவளுக்கு அங்கே கெயரர்ஸ் அலவன்ஸ் வருகிறது. மாமிக்கு அதற்கேற்ற உதவிப்பணம் ஏற்கனவே கிடைக்கிறது, இவள் கிழமைக்கு 35 மணித்தியாலமாவது பார்க்கிறாள். 2025 ஏப்ரலில் அது கிழமைக்கு 83 பவுண் 30 பென்ஸாக இருந்தது. "நீயும் அங்கை கேட்டுப் பாரன்" என்று போன் எடுக்கிற நேரமெல்லாம் சொல்லுவாள். கேட்பதற்கு இங்கே படிவமே இல்லை.

இங்கே காசு பார்க்கிறவரின் பெயரில் வராது, பார்க்கப்படுகிறவரின் பெயரில்தான் வரும். அதனால் "எனக்கு என்ன கிடைக்கும்?" என்று கேட்டுக்கொண்டு போனால் "ஒன்றும் இல்லை" என்ற பதிலோடு திரும்பி வருவீர்கள். "அம்மாவுக்கு வயது 74, ஒரு பக்கம் இழுத்துவிட்டது, தம்பி பிறவியிலேயே மனவளர்ச்சி குன்றியவன், வீட்டில் உழைக்க ஆள் இல்லை" என்று சொல்லிக்கொண்டு போனால் அதே மேசையில் கதை வேறு மாதிரிப் போகும். இந்த உதாரணம் என் வீடுதான். நான் யாழ்ப்பாணத்தில் மானிப்பாய். ரவுணில் ஒரு கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்த பிறகு வேலையை விட்டேன்.

முதலில் ஒரு பைல்

கந்தோருக்குப் போக முதல் வீட்டில் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு பெட்டிப் பைல் வாங்கி, வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு உறை போடுங்கள். தேசிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், எல்லாவற்றிலும் போட்டோக் கொப்பி. நோயாளிக்குக் கூடுதலாக இரண்டு: கிளினிக் கொப்பி, அப்புறம் ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தருகிற டயக்னோசிஸ் கார்ட். இந்தக் கார்ட்டைப் பலர் மருந்துத் துண்டு என்று நினைத்து மேசை லாச்சிக்குள் போட்டுவிடுவார்கள். மருத்துவச் சான்றிதழ் எழுதுகிற டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

பெயர்களை ஒத்துப் பாருங்கள். எங்கள் ஊரில் பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் தகப்பன் பெயர் முன்னுக்கோ பின்னுக்கோ என்று இருப்பது சாதாரணம். அம்மாவின் பெயர் மூன்று இடத்தில் மூன்று மாதிரி. இந்தப் பெயர்களெல்லாம் ஒருவருடையவையே என்று கிராம அலுவலரிடம் ஒரு கடிதம் எடுத்தால் பல இடங்களில் சரிவரும். சில இடங்களில் சத்தியக்கடதாசி கேட்பார்கள். அதைச் சமாதான நீதவானிடம் முடிக்கலாம். இதை விண்ணப்பம் போட முதலே செய்துவிட்டால், காசு பாஸான பிறகு வங்கியில் திருப்பி அனுப்புகிற கரைச்சல் இருக்காது.

அடையாள அட்டையே இல்லாத ஆட்களும் இருக்கிறார்கள். தம்பியைப் போலப் பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளுக்கு "இவனுக்கு எதுக்கு ஐ.சி.?" என்று தாய் தகப்பன் எடுக்காமலே விட்டிருப்பார்கள். அதை எடுக்காமல் எந்தக் கொடுப்பனவும் நகராது. கிராம அலுவலரிடம் தொடங்குங்கள்.

யாரிடம் போவது

யாழ்ப்பாண மாவட்டத்தில் 15 பிரதேச செயலகங்கள், அவற்றுக்குக் கீழே 435 கிராம அலுவலர் பிரிவுகள். எல்லாம் உங்கள் பிரிவில்தான் தொடங்கும். மானிப்பாய்க்காரர் எங்களுக்குச் சண்டிலிப்பாய், சுன்னாகப் பக்கத்தாருக்கு உடுவில், மல்லாகம் பக்கத்தாருக்குத் தெல்லிப்பழை. கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, நேரே போனாலும் திருப்பி இங்கேதான் அனுப்புவார்கள்.

கிராம அலுவலரை வயதானவர்கள் இன்னும் விதானையார் என்றுதான் சொல்கிறார்கள். அவர் தருவது வதிவும் குடும்ப நிலையும் உறுதிப்படுத்துகிற கடிதம். காசைத் தீர்மானிப்பவர் அவர் இல்லை. பிரதேச செயலகத்துக்குள் நீங்கள் தேட வேண்டிய ஆள் சமூக சேவைகள் உத்தியோகத்தர். வறிய குடும்பங்களுக்கான அரசாங்க உதவித் திட்டமான அஸ்வெசுமவுக்கு நலன்புரி நன்மைகள் பிரிவு என்று தனி மேசை இருக்கும். முதியோருக்கும் ஓய்வூதியத்துக்கும் வேறு வேறு உத்தியோகத்தர். கட்டடம் ஒன்றுதான், ஆனால் ஒரு மேசைக்காரருக்கு அடுத்த மேசையின் வேலை தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். ஒரு கந்தோரில் எனக்கு "அப்படி ஒரு கொடுப்பனவே இல்லை" என்று சொன்னார்கள். பத்தடி தள்ளி இருந்தவரிடம் அதற்கான படிவம் கட்டாக இருந்தது.

பொதுமக்கள் தினம் எது என்று வாசலில் போட்டிருப்பார்கள். அன்றைக்கே போங்கள். மற்ற நாட்களில் உத்தியோகத்தர்கள் களத்துக்குப் போய்விடுவார்கள். ஆளைத் தனியே விட்டுவிட்டு வருகிற எங்களைப் போன்றவர்களுக்கு வீண் பயணம் என்பது ஓட்டோக் காசு மட்டும் இல்லை. அந்த நேரத்துக்கு வீட்டில் ஒருவரை இருத்திவிட்டு வரவேண்டும்.

அஸ்வெசும

பழைய வறுமை நிவாரணத் திட்டமான சமுர்த்திக்குப் பதிலாக 2023 ஜூலையில் இருந்து வருகிற திட்டம் இது. தனியாளுக்கு இல்லை, குடும்பத்துக்கு. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்று 6 பிரிவுகளில் 22 குறிகாட்டிகளைப் பார்த்துப் புள்ளி போடுவார்கள். 2025 ஜனவரியில் இருந்து வறிய குடும்பம் என்று வகுத்தால் மாதம் 10,000 ரூபா, மிக வறிய குடும்பம் என்றால் 17,500 ரூபா. வறுமை இதைவிடக் குறைந்த படிகளுக்குத் தொகையும் குறைவாக இருந்தது.

யாழ்ப்பாணத்தில் இந்தப் புள்ளிக் கணக்கு ஒரு இடத்தில் சறுக்கும். அப்பு காலத்து நாற்சார் வீடு, சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக்கூரை, நாலு பரப்புக் காணி. வருமானம் என்று பார்த்தால் முற்றத்து முருங்கைக்காய் மட்டும். கணக்கெடுக்க வருகிறவர் கண்ணுக்கு அது பெரிய வீடு. அதேபோல "கனடாவில் ஆள் இருக்கு" என்ற கதையும் வரும். இரண்டுக்கும் தயாராக இருங்கள். வெளிநாட்டில் இருந்து காசு வருவது நின்றுவிட்டதென்றால், அல்லது வந்த காசு முழுக்க மருந்துக்கும் பம்பர்ஸுக்கும் போகிறதென்றால், அதை வாயால் சொல்வதோடு நிறுத்தாமல் வங்கிப் புத்தகத்தையும் பாமசிப் பில்களையும் காட்டுங்கள். வேலையை விட்டவர் வேலையை விட்ட கடிதத்தைக் கட்டாயம் கையில் வைத்திருங்கள். கணக்கெடுப்பு நேரம் நீங்கள் இன்னும் சம்பளக்காரர் என்று பதிவானால், அதை மாற்றுவது பெரும்பாடு.

பெயர் வரவில்லை என்றால் மேன்முறையீடு செய்யலாம். திறந்திருக்கும் காலத்தை அறிவிப்பார்கள், அந்தத் திகதிக்குள் போடவேண்டும். மேன்முறையீட்டில் "நாங்கள் கஷ்டப்பட்ட குடும்பம்" என்று எழுதிப் பயன் இல்லை. எந்தத் தகவல் பிழையாகப் பதிவாகியிருக்கிறது, அதற்கு என்ன ஆதாரம் என்று எழுதுங்கள். விசாரிக்க 1924 என்ற இலக்கம் இருக்கிறது.

ஆளுக்கு ஆள் வருகிறவை

அஸ்வெசும கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இவற்றைத் தனியாகக் கேளுங்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மூன்றையும் உயர்த்தினார்கள். வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிக்கு 7,500 ரூபாயாக இருந்தது 10,000 ரூபா ஆனது. சிறுநீரக நோயாளிக்கும் அதேபோல 10,000. 70 வயதுக்கு மேற்பட்ட, வருமானம் குறைந்த முதியவருக்கு 3,000 ரூபாயாக இருந்தது 5,000.

மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கு மருத்துவப் படிவம் ஒன்று உண்டு. அதைச் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் வாங்கி அரசாங்க ஆஸ்பத்திரியில் நிரப்ப வேண்டும். தனியார் டொக்டரின் கடிதம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் செல்லாது. எந்த ஆஸ்பத்திரி என்பது முக்கியம். ஆள் கிளினிக் போகிற இடத்திலேயே எடுங்கள், அங்கேதான் பழைய பதிவு இருக்கும். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில்தான் வேண்டும் என்று இல்லை. தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளும் அரசாங்கத்தினுடையவையே. கிளினிக் நாளன்று கூட்டத்துக்குள் டொக்டரிடம் படிவத்தை நீட்டினால் ஒரு வரியில் எழுதித் தருவார். நேர்ஸிடம் முன்கூட்டியே சொல்லி, கிளினிக் முடிகிற நேரத்துக்குப் போங்கள். படிவத்தில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. தானாக எழும்ப முடியாது, தானாகச் சாப்பிட முடியாது, மலசலத்துக்கு ஆள் வேண்டும் என்பதை எழுதச் சொல்லிக் கேளுங்கள். தம்பிக்கு எழுதியபோது டொக்டர் "மனவளர்ச்சிக் குறைபாடு" என்று எழுதிவிட்டுப் பேனையை மூடினார். "ஐயா, இவனைத் தனிய விட்டால் கிணத்தடிக்குப் போயிடுவான், பகல் முழுக்க ஒராள் நிற்க வேணும்" என்றேன். பேனையைத் திரும்பத் திறந்து அதையும் எழுதினார். படிவத்தைப் பார்த்த சமூக சேவைகள் உத்தியோகத்தர் விரல் வைத்து வாசித்தது அந்த வரியைத்தான்.

முதியோர் கொடுப்பனவு குடும்பத்தின் கணக்கில் விழுகிறதா, முதியவரின் சொந்தக் கணக்கில் விழுகிறதா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். "இந்த மாசம் வரேல்லை" என்று சொல்கிற பாதிப் பேருக்குக் காசு வேறு புத்தகத்தில் கிடக்கும். 60 வயது கடந்தவர்களுக்குப் பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டையும் எடுக்கலாம். அதில் காசு இல்லை, ஆனால் வரிசையில் நிற்கிற நேரம் குறையும்.

இதெல்லாம் கிடைக்காத குடும்பங்களுக்கு மாகாண சமூக சேவைத் திணைக்களத்தின் பொதுசன மாதாந்த உதவிப்பணம் இருக்கிறது. ஊரில் அதைப் பிச்சைச் சம்பளம் என்பார்கள். தொகை சிறிது. பெயருக்கு வெட்கப்பட்டு விடவேண்டாம். காச நோய், புற்றுநோய் போன்றவற்றுக்கு நோயாளர் உதவியும் அதே உத்தியோகத்தர் வழியாகத்தான்.

பெரிய சத்திரசிகிச்சைச் செலவென்றால் ஜனாதிபதி நிதியம். முந்தி கொழும்புக்கு அலைய வேண்டும். 2025 பெப்ரவரியில் இருந்து விண்ணப்பத்தைப் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம்.

காசு இல்லாத உதவிகள்

மாதம் 10,000 ரூபாவைவிட ஒரு நல்ல கொமட் கதிரை உங்கள் நாரியை, அதாவது இடுப்பை, காப்பாற்றும். சக்கர நாற்காலி, ஊன்றுகோல், கேட்கும் கருவி, மூக்குக்கண்ணாடி எல்லாம் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடம் கேட்கலாம். எப்போதும் கையிருப்பு இருக்காது, ஆனால் பெயரைப் பதிந்து வைத்தால் வருகிறபோது கூப்பிடுவார்கள். செயற்கைக் கால் தேவைப்படுகிறவர்கள் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் நிலையத்துக்குப் போகலாம். 1987இல் இருந்து அந்த வேலை செய்கிறார்கள். ஆளைத் தூக்கி இருத்துகிற முறையை ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்கிறவர்களிடம் நேரே பார்த்துப் பழகுங்கள். இருவர் கையைக் கோர்த்துத் தூக்குவதுதான் எங்கள் ஊர் வழக்கம், அதில் நோயாளியின் தோள்மூட்டும் போகும், தூக்குகிறவர் முதுகும் போகும்.

உங்கள் பெயரில் உள்ள காசு

தனியார் வேலையை விட்டவர்கள் கவனியுங்கள். ஈ.ரி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதியம்) என்பது முதலாளி உங்கள் சம்பளத்தின் 3 வீதத்தைக் கட்டிவந்த பணம். வேலையை விட்டதும் வயது பார்க்காமல் எடுக்கலாம், 5 வருடத்துக்கு ஒரு தடவைதான். ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதியம்) அப்படி இல்லை. உங்கள் 8 வீதமும் முதலாளியின் 12 வீதமும் சேர்ந்த பணம், பொதுவாகப் பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும்தான் கைக்கு வரும். அதுவரை வட்டி ஏறிக்கொண்டிருக்கும். என் அபிப்பிராயம், ஈ.ரி.எப்.ஐ உடனே எடுத்து மெத்தை, கொமட் என்று செலவழிக்கலாம், ஈ.பி.எப். இருக்கிற இடத்தில் இருக்கட்டும். அம்மாவுக்குப் பிறகு உங்களுக்கென்று மிஞ்சப்போவது அதுதான்.

முதலாளி ஒழுங்காகக் கட்டினாரா என்று பாருங்கள். கட்டாமல் விட்டிருந்தால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம், வேலையை விட்ட பிறகும் கொடுக்கலாம்.

நிலையான வைப்பில் காசு வைத்திருக்கிற வீடுகள் யாழ்ப்பாணத்தில் நிறைய. 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 வீதம் வரியாகப் பிடிக்கிறார்கள். வருடத்துக்கு 18 இலட்சத்துக்குக் குறைந்த வருமானம் உள்ளவர் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்க மாட்டார்கள். வரி இலக்கம் எடுத்துக்கொண்டு போய்ப் படிவத்தைக் கொடுங்கள்.

கையெழுத்து

அம்மாவின் வலக்கை விழுந்த பிறகு பழைய கையெழுத்து வரவில்லை. கணக்கில் காசு இருக்கிறது, எடுக்க வழி இல்லை. பாரிசவாதத்தில் கை விழுந்த பலருக்கும் இந்தக் கரைச்சல் வரும். கைவிரல் அடையாளத்துக்கு மாற்றச் சொல்லி வங்கிக் கிளையில் கேளுங்கள். ஆளைக் கூட்டிவர முடியாது என்று சொன்னால் உத்தியோகத்தர் ஒருவர் வீட்டுக்கு வருகிற ஏற்பாட்டைச் சில கிளைகள் செய்து தரும். முகாமையாளரிடமே பேசுங்கள், கவுன்டரில் பேசிப் பயன் இல்லை. காணி, வீடு, வழக்கு என்று விடயங்கள் இருந்தால் நொத்தாரிசிடம் அற்றோணித் தத்துவம், அதாவது அவருக்காக நீங்கள் செயற்பட அதிகாரம் கொடுக்கிற பத்திரம், முடிக்கலாம். அதை ஆளுக்குப் புத்தி தெளிவாக இருக்கும்போதே முடிக்க வேண்டும். அறளை பெயர்ந்த பிறகு கைவைத்துக் கொடுத்தது செல்லாது.

பதில் வராவிட்டால்

விண்ணப்பம் கொடுத்தால் கொப்பியில் திகதி முத்திரை வாங்குங்கள். "பார்த்துச் சொல்லுறம்" என்று மாதக் கணக்கில் இழுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதே கந்தோரின் தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, நிராகரித்தால் என்ன காரணம், இந்த இரண்டு கேள்வி போதும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சண்டை பிடிப்பதைவிட இது நன்றாக வேலை செய்யும். தமிழில் எழுதினால் போதும்.

கூடப் பிறந்தவர்கள்

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில், தன்னைப் பராமரிக்க முடியாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டு பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதற்குப் போகிறவர்கள் குறைவு, போனால் செத்தவீட்டுக்கும் ஆள் வராது. நான் செய்வது வேறு. ஒவ்வொரு மாத முடிவிலும் குடும்ப வட்ஸ்அப் குழுவில் கணக்குப் போடுவேன்: பம்பர்ஸ் இவ்வளவு, மருந்து இவ்வளவு, ஓட்டோ இவ்வளவு, பில்களின் படத்தோடு. ஒருவரையும் கேட்பதில்லை. போட்ட அடுத்த நாள் பிரான்ஸில் இருந்து அண்ணன் அனுப்புவார். மற்றவர்களும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்.

அரசாங்க உத்தியோகத்தரின் வீடாக இருந்தால்

இது எங்கள் வீட்டுக்குப் பொருந்தாது, அப்பா கடை வைத்திருந்தவர். எங்கள் ஒழுங்கையில் ஒரு அன்ரிக்குப் பொருந்துகிறது. கணவர் வாத்தியாராக இருந்து காலமானவர், விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் அன்ரிக்கு வருகிறது. மகன் பிறவியில் இருந்து நடமாட முடியாதவன், மகள் கலியாணம் செய்யாமல் இருவரையும் பார்க்கிறாள். இந்த ஓய்வூதியத்தில் உழைக்க முடியாத அளவுக்கு அங்கவீனமான பிள்ளைக்கு, மற்றப் பிள்ளைகளுக்குரிய வயது கடந்த பிறகும் உரித்து உண்டு. மருத்துவச் சபையின் அறிக்கை தேவை, அங்கவீனம் சிறுவயதிலேயே இருந்தது என்பதற்குப் பழைய பதிவுகள் தேவை. தாய் இருக்கும்போதே பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் கேட்டு, பழைய கிளினிக் கொப்பி, விசேட பாடசாலைப் பதிவு, தகப்பனின் நியமனக் கடிதம், ஓய்வூதிய இலக்கம் எல்லாவற்றையும் ஒரு உறையில் சேர்க்கச் சொன்னேன். தாய் போன பிறகு தேடினால் எது எந்தப் பெட்டிக்குள் என்று சொல்ல ஆள் இருக்காது.

ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடா வருடம் மார்ச் 31க்குள் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும். நடக்க முடியாதவரென்றால் கிராம அலுவலரை வீட்டுக்கு வந்து பார்த்துக் கையொப்பமிடக் கேளுங்கள், மாசி மாதத்திலேயே கேளுங்கள், மார்ச் கடைசியில் அவருக்கு நிற்க நேரம் இருக்காது. ஆள் இறந்துவிட்டால் எந்தக் கொடுப்பனவாக இருந்தாலும் உடனே அறிவியுங்கள். அறிவிக்காமல் எடுத்த மாதங்களின் காசைத் திருப்பிக் கேட்பார்கள், அதுவும் எட்டுச் செலவு, அந்தியேட்டிச் செலவு எல்லாம் முடிந்து கையில் ஒன்றும் இல்லாத நேரம் பார்த்து.